தகடூர் நாடு – 17: தோற்றவனுக்கு அழும் களம்

கோடைக் கூத்துக் காலத்தில், தருமபுரி மாவட்டத்தில் திரௌபதியம்மன் கோயில் உள்ள ஓர் ஊருக்குப் படுகளத்தன்று காலையில் போனால், திடலில் முதலில் கண்ணில் படுகிறவன் துரியோதனன். மண்ணைக் குழைத்து, மல்லாந்து படுத்த கோலத்தில் செய்த பெரிய உருவம். முறுக்கிய மீசை, தலையில் கிரீடம், விழித்த கண். தொடையில் ஓர் இடத்தில் மட்டும் குழி பறித்து, செந்நீரை வைத்து மூடியிருப்பார்கள். பதினெட்டாம் போர் அந்தத் தொடையில்தான் முடியும். இரவெல்லாம் ஆடிய களைப்போடு வீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் மண்ணுடலைச் சுற்றி ஓடும், மோதும். கதாயுதம் தொடையில் இறங்கியதும் செந்நீர் கசியும். அதைத் தொட்டுத் தலையில் தடவி, விரித்த கூந்தலைத் திரௌபதி முடிவாள். அத்தனை நாளாக ஊர் காத்திருந்த நேரம் அது. குலவையும் கும்பிடுமாகத் திடல் அதிரும்.

அதற்கடுத்து நடப்பதைப் பற்றித்தான் இந்தப் பகுதி. துரியோதனன் மனைவி பெருந்திருவாள் தலைவிரி கோலமாக வருவாள். மண்ணுடலின் அருகே உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பாள். நம் ஊர்ச் சாவு வீட்டில் கேட்கிற அதே மெட்டு, அதே இழுப்பு. சற்று முன் திரௌபதியைக் கும்பிட்ட பெண்கள் இப்போது முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். கூட்டம் கலையும்போது அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து மடியில் முடிந்துகொண்டு போகிறவர்களும் உண்டு. வீட்டில் வைத்தால் நல்லது என்பது நம்பிக்கை.

கடத்தூரிலும் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர்ப் பக்கங்களிலும் இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த காட்சி. தெரிந்த காட்சி என்பதாலேயே நாம் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. சபையில் ஒரு பெண்ணின் சேலையை உருவச் சொன்னவன் துரியோதனன். அவனுடைய சாவுக்கு ஊர் ஏன் அழ வேண்டும்? அழ வைப்பது எது? கதையா, பாட்டா, ஆடுகிறவனின் திறமையா?

இந்தக் கேள்வியோடு சுமார் 2500 ஆண்டுகள் பின்னோக்கி, ஏதென்ஸ் வரைக்கும் போய்வர வேண்டியிருக்கிறது. போய்த் திரும்பினால் நம் தகடூரிலேயே விடை கிடக்கிறது.

ஏதென்ஸில் வசந்த காலத்தில் டயோனிசஸ் என்னும் தெய்வத்துக்கு விழா எடுத்தார்கள். விழாவின் ஒரு பகுதி நாடகப் போட்டி. அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் ஜனங்கள் உட்கார, கீழே ஆடுகளம். பகல் வெளிச்சத்தில் நாடகம். நடிகர்கள் எல்லாரும் ஆண்கள், பெண் வேஷமும் அவர்களுடையதே. முகத்துக்கு முகமூடி. களத்தில் ஆடிப் பாட ஒரு குழு, அதைக் கோரஸ் என்பார்கள். கோயில் விழா, ஆண்கள் கட்டும் பெண் வேஷம், பின்பாட்டு என்று கேட்கும்போது நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது, நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மேடையில் காட்டும் துயரத்துக்கு ஜனங்களை எப்படி அழ வைப்பது என்ற ஒரே சிக்கல் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் வந்தது.

ஏதென்ஸில் முதலில் அது ஒரு வழக்காக வந்தது. கி.மு. 494-இல் ஆசியக் கரையிலிருந்த மிலீட்டஸ் நகரத்தைப் பாரசீகப் படை பிடித்து நாசமாக்கியது. அந்நகரத்தார் ஏதென்ஸுக்கு உறவு முறை. ஃபிரினிக்கஸ் என்ற நாடகாசிரியர் அந்த வீழ்ச்சியையே நாடகமாக்கி மேடையேற்றினார். பார்த்தவர்கள் எல்லாரும் கதறி அழுதார்கள். சொந்தத் துயரத்தை நினைவூட்டிய குற்றத்துக்காக அவருக்கு 1000 திராக்மா அபராதம் விதித்து, அந்த நாடகத்தை இனி யாரும் நடத்தக் கூடாது என்று தடையும் போட்டார்கள். ஹெரோடோட்டஸ் எழுதி வைத்த செய்தி இது. சொந்தக் காயம் ஆறாமல் இருக்கும்போது அதையே மேடையில் காட்டினால் பார்வையாளனால் தாங்க முடிவதில்லை. அவன் அழுகிறான், ஆனால் அந்த அழுகையில் அவனுக்கு எதுவும் தெளிவதில்லை.

அடுத்து வந்தவர் ஈஸ்கிலஸ். கி.மு. 490-இல் மாரத்தான் போர்க்களத்தில் பாரசீகரை எதிர்த்து நின்ற போர்வீரர். அந்தக் களத்திலேயே தம்பியையோ அண்ணனையோ, உடன்பிறந்த ஒருவனைப் பறிகொடுத்தவர். கி.மு. 480-இல் பாரசீக மன்னன் செர்க்சிஸ் ஏதென்ஸுக்குள் புகுந்து அக்ரோபோலிஸ் கோயில்களைக் கொளுத்தினான். அதே ஆண்டு சலாமிஸ் கடற்போரில் அவன் கப்பற்படை நொறுங்கியது. எட்டே ஆண்டு கழித்து, கி.மு. 472-இல் ‘பாரசீகர்கள்’ என்ற நாடகத்தோடு ஈஸ்கிலஸ் போட்டிக்கு வந்தார். வெற்றிக் கொண்டாட்டத்தை எதிர்பார்த்துத்தான் பலர் வந்து உட்கார்ந்திருப்பார்கள். நாடகமோ பாரசீகத் தலைநகரான சூசாவில் நடக்கிறது. ஏதென்ஸ்காரன் ஒருவனும் மேடைக்கு வருவதில்லை. மகனைப் போருக்கு அனுப்பிவிட்டுக் கெட்ட கனவு கண்டு கலங்கி நிற்கும் தாய் அட்டோசா வருகிறாள். செய்தி கொண்டுவரும் தூதன் செத்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். செத்துப்போன பழைய மன்னன் டேரியஸின் ஆவி எழுந்து, கடலுக்கே பாலம் போட்டு விலங்கிட நினைத்த மகனின் செருக்குதான் இதற்கெல்லாம் காரணம் என்கிறது. கடைசியில் கிழிந்த உடையோடு தனியாக வந்து சேர்கிறான் செர்க்சிஸ். கோரஸாக நிற்கும் பாரசீக முதியவர்களும் அவனுமாக மாறி மாறி ஒப்பாரி வைப்பதோடு நாடகம் முடிகிறது.

அதைப் பார்த்தவர்களின் தலைக்கு மேலே, குன்றின் உச்சியில், அந்த மன்னன் எரித்த கோயில்கள் இன்னும் இடிபாடாகவே கிடந்தன. பார்த்தெனான் கட்டும் வேலை தொடங்கியது கி.மு. 447-இல்தான். எரித்தவனின் துக்கத்தை, எரிந்த கோயிலின் கீழே உட்கார்ந்து பார்த்தார்கள். அந்த ஆண்டு முதல் பரிசும் ஈஸ்கிலஸுக்கே கிடைத்தது.

அவர் இதை எப்படிச் சாதித்தார் என்று பார்த்தால் சில கைவேலைகள் கண்ணில் படும். எதிரியின் வீட்டு வாசலில் நம்மை நிறுத்துகிறார். மன்னனுக்கு முன்னால் தாயைக் கொண்டுவருகிறார். தோற்றவர்களுக்குப் பெயர் தருகிறார்: பாரசீக வீரர்களின் பெயர்கள் அந்த நாடகத்தில் டஜன் கணக்கில் வருகின்றன. வென்ற பக்கத்தில் ஒரு தனிமனிதன் பெயர்கூடக் கிடையாது. சலாமிஸின் தளபதி தெமிஸ்டாக்ளிஸ் பெயரும் இல்லை. இத்தனைக்கும் நடுவே செர்க்சிஸின் தப்பு ஓர் இடத்திலும் மறைக்கப்படவில்லை. அதைச் சொல்கிற பொறுப்பை அவனுடைய தகப்பனிடமே ஒப்படைக்கிறார்.

இனி நம் மண்ணுக்கு வருவோம்.

அதியர் குடியின் தலைநகர் தகடூர், இன்றைய தருமபுரி. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து தகடூரை அழித்தான். ‘தகடூர் எறிந்த’ என்ற அடைமொழியே அவனுக்கு நிலைத்தது. அந்தப் போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. புறத்திரட்டிலும் பழைய உரைகளிலும் சிதறிய பாடல்களே மிச்சம். அந்த நூல் கிடைத்திருந்தால் இந்த மாவட்டத்தின் வரலாற்றை வேறு மாதிரி எழுதியிருப்போம். போனது போக, புறநானூற்றிலும் பதிற்றுப்பத்திலும் இருப்பதைக் கொண்டே ஒரு பெரிய சேதி சொல்ல முடியும்.

பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து, தகடூர் எறிந்த அந்தச் சேரனைப் பற்றியது. பாடியவர் அரிசில்கிழார். பாட்டுக்கு மகிழ்ந்து சேரன் ஒன்பது நூறாயிரம் காணமும் அரசுகட்டிலும் கொடுத்ததாகவும், புலவர் அரசை ஏற்காமல் அமைச்சுப் பொறுப்பை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டதாகவும் பதிகம் சொல்கிறது. அப்படியென்றால் வென்றவனுடைய புலவர், வென்றவனுடைய அமைச்சர். இப்போது புறநானூற்றில் 230-ஆம் பாட்டைப் பாருங்கள். தகடூர்ப் போரில் வீழ்ந்த அதியமான் எழினிக்கான கையறுநிலை, அதாவது இறந்தவனுக்கு இரங்கும் பாட்டு அது. பாடியவர் அதே அரிசில்கிழார்!

அந்தப் பாட்டின் கட்டுமானத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எழினியின் வாளைப் பற்றியோ தோளைப் பற்றியோ அரிசில்கிழார் தொடங்குவதில்லை. அவன் ஆண்ட நாட்டில் இரவில் காட்டிலேயே கன்றோடு தங்கும் பசுக்களுக்குப் பயம் கிடையாது. வழிப்போக்கன் விரும்பின இடத்தில் படுத்துத் தூங்கலாம். களத்து நெல்லுக்குக் காவல் வேண்டாம். இப்படி எளிய மனிதர்களின் நிம்மதியை வரிசையாகச் சொல்லிவிட்டு, அதையெல்லாம் காத்தவன் களத்தில் விழுந்துவிட்டான் என்கிறார். விழச் செய்த சேரனின் பெயர் பாட்டில் இல்லை. பழியைக் கூற்றுவன் மேல் போடுகிறார். வறுமை தாங்காமல் விதை நெல்லைக் குத்திச் சமைத்துத் தின்ற உழவனைப்போல நீ அறிவு கெட்டுப் போனாய். இந்த ஓர் உயிரை விட்டு வைத்திருந்தால் அவன் போரிடும் களங்களில் எத்தனையோ உயிர் உனக்குக் கிடைத்திருக்குமே என்று யமனையே ஏசுகிறார். மானாவாரிச் சீமையான நம் பக்கத்தில் விதை நெல்லைத் தின்பது என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பஞ்சத்தின் கடைசிப் படி அது.

ஏதென்ஸில் ஈஸ்கிலஸ் செய்ததும் தகடூரில் அரிசில்கிழார் செய்ததும் எவ்வளவு நெருங்கி வருகின்றன! வென்ற பக்கத்தில் நின்ற இருவரும் தோற்றவனுக்காகப் பாடினார்கள். இருவரும் வென்றவனின் பெயரை விட்டார்கள். அரிசில்கிழாருக்கு நாடக மேடை கிடையாது. ஒரு பாட்டு, சில வரிகள், அவ்வளவே. ஆனால் கேட்பவன் மனம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை அந்தச் சில வரிகளில் முடிவு செய்துவிட்டார்.

அதே அதியர் குடியின் அதியமான் நெடுமான் அஞ்சிக்கு ஔவையார் பாடிய கையறுநிலைகள் இதிலும் ஒருபடி மேலே. அவர் அஞ்சியின் தோழி. அவனிடம் நெல்லிக்கனி பெற்றவர், அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர். ஆகவே அவர் அழுவதில் வியப்பு இல்லை. அழும் முறைதான் வியப்பு. கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்குக் கொடுப்பான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் சேர்ந்து உண்பான் என்று கள்ளிலும் சோற்றிலும் தொடங்குகிறார். அவன் மார்பில் பாய்ந்த வேல் அதோடு நிற்கவில்லை. பாணர்களின் பாத்திரத்தைத் துளைத்து, இரப்போர் கையைத் துளைத்து, புலவர்களின் நாவில் போய்த் தைத்தது என்கிறார். ஒரு மனிதனின் காயத்தை ஊரின் காயமாக மாற்றுகிற வித்தை இது. இன்னொரு பாட்டில் அஞ்சிக்கு நட்ட கல்லைப் பார்க்கிறார். பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் ஊற்றிப் படைக்கிறார்கள். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தச் சின்னக் கலத்துக் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார்.

சென்ற இரண்டு பகுதிகளில் நடுகற்களைப் பற்றி விரிவாகப் பார்த்துவிட்டதால் இங்கே ஒரு சொல்லோடு கடந்துவிடுகிறேன். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து இருளப்பட்டியில் தொடங்கிச் செங்கம் வரை நிற்கிற கற்களில் செதுக்கப்பட்டவன் பட்டவன்தான். செங்கத்துப் பக்கம் எடுத்தனூர்க் கல்லில், செத்துப்போன கருந்தேவகத்தியின் அருகே கோவிவன் என்ற அவன் நாயும் நிற்கிறது, பெயரோடு. வீழ்ந்தவனைப் பெயர் சொல்லி நிறுத்துவதும், அவனுக்குப் படைத்துக் கும்பிடுவதும் இந்த நிலத்தில் கூத்துக்கு வெகுகாலம் முன்பே வேரூன்றிவிட்ட வழக்கம். படுகளத்து மண்ணுடலை இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஏதென்ஸில் பெரும் நாடகங்களின் காலம் முடிந்து நூறாண்டு ஓடும் முன்பே அரிஸ்டாட்டில் அதற்கு இலக்கணம் எழுதினார். நாடகம் பார்ப்பவனிடம் எழ வேண்டியவை பரிவும் அச்சமும் என்றார். தகாத துன்பத்தைக் கண்டால் பரிவு வரும். நம்மைப் போன்ற ஒருவனுக்கு வந்தது நமக்கும் வரலாம் என்று நினைத்தால் அச்சம் வரும். அதனால் தலைவன் முழு நல்லவனாக இருந்தால் அவன் வீழ்ச்சி அருவருப்பையே தரும். முழுக் கெட்டவன் வீழ்ந்தால் நியாயம் நடந்தது என்று எழுந்து போய்விடுவோம். இரண்டுக்கும் நடுவில் நின்று, ஒரு பிழையால் வீழ்கிறவனே நம்மை அசைக்கிறான். அவர் அடிக்கடி எடுத்துக்காட்டுவது சோஃபக்கிளிஸ் எழுதிய ஈடிப்பஸ் மன்னனை. ஊருக்கு வந்த கொள்ளைநோயின் காரணத்தைத் தேடித் தேடி, கடைசியில் குற்றவாளி தானே என்று கண்டுபிடிப்பவன் அவன். புதிரை விடாமல் அவிழ்க்கும் அந்தக் குணத்துக்காகத்தான் ஊர் அவனை அரசனாக்கியது. அந்தக் குணமே அவனை அழிக்கிறது.

இந்த இடத்தில் நம் கர்ணன் நினைவுக்கு வராமல் போகமாட்டான்.

‘கர்ண மோட்சம்’ வட தமிழ்நாட்டின் கூத்துகளில் ஜனங்கள் மிகவும் விரும்பிக் கேட்கிற கூத்து. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்குவது. கோயில் விழாவில் மட்டுமல்லாமல், இறந்தவருக்குச் செய்கிற காரியத்தின்போதும் இதை வைப்பார்கள். செத்தவரின் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, இரவெல்லாம் கர்ணன் சாவான். துக்க வீட்டுக்கு என்று ஒரு கூத்தை ஒதுக்கிய ஜனங்களுக்கு, நாடகம் மனதை என்ன செய்யும் என்று எந்த இலக்கணமும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கர்ணன் எப்படி நம் பக்கம் இழுக்கப்படுகிறான் என்று கவனியுங்கள். முதலில் திரை. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொள்ள, வேஷக்காரன் அதன் பின்னால் நின்று பாடுவான். கிரீடத்தின் நுனி தெரியும், சலங்கை கேட்கும், முகம் தெரியாது. முகவீணையும் மிருதங்கமும் ஏறி ஏறி வந்து ஒரு கட்டத்தில் திரை விலகும். புஜக்கட்டையும் மார்க்கட்டையும் கண்ணாடிச் சில்லும் விளக்கில் பளபளக்க அரசன் நிற்பான். அவனிடம் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் போய், நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று நம் ஊர்ப் பேச்சில் கேட்பான். அரசன் பதில் சொல்ல வேண்டும். இதிகாசத்துப் பெரிய மனிதன் நம் தெருவில் நின்று நமக்குப் பதில் சொல்கிறான். கிரேக்கக் கோரஸ் செய்ததும் இதுதான்: தலைவனுக்கும் ஜனங்களுக்கும் நடுவே நின்று, ஜனங்களின் கேள்வியைத் தன் வாயால் கேட்டது.

அடுத்தது பொன்னுருவி. கர்ணன் மனைவி. தேரோட்டி வளர்த்த பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று அவனை இளப்பமாகப் பார்க்கிறவள். போருக்குப் போகுமுன் விடை கேட்டு வந்த கணவனிடம் அவள் பேசுகிற பேச்சைக் கேட்டுக் கூட்டம் கொதிக்கும். பிறகு அவன் தன் பிறப்பைச் சொல்கிறான்: தாய் குந்தி, தகப்பன் சூரியன். பொன்னுருவி உடைந்து போகிறாள். வாழ்நாளெல்லாம் எந்தக் கேள்விக்குப் பதிலில்லாமல் அவமானப்பட்டானோ, அதன் பதில் இப்போது அவன் கையில் இருக்கிறது. சொல்ல வேண்டியவளிடம் சொல்லியும் ஆயிற்று. ஆனால் விடிந்தால் போர். நீ என்ன குலம் என்று கேட்கப்பட்ட அனுபவம் இந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்கு உண்டு என்பது நமக்குத் தெரியும். போட்டி அரங்கில் வில்லோடு நின்ற கர்ணனைப் பார்த்து, குலம் சொல் என்று கேட்ட கேள்வி அவர்களுக்குப் புராணக் கேள்வி அல்ல. அவனுக்கு அங்க தேசத்தைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்த துரியோதனன் மேல் அவர்களுக்கு ஓர் ஓரத்தில் ஈரம் இருப்பதற்கும் இதுவே காரணம்.

பிறகு கொடைகள் வரிசையாக வருகின்றன. கவச குண்டலத்தை இந்திரனுக்குக் கொடுத்துவிட்டான். நாகாஸ்திரத்தை ஒருமுறைக்கு மேல் விடுவதில்லை என்று குந்திக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். அந்த ஒருமுறையும் கண்ணன் தேரை அழுத்தியதில் குறி தவறி அர்ச்சுனன் முடியைத் தட்டிவிட்டுப் போகிறது. இன்னொரு முறை விடு என்கிறான் தேரோட்டும் சல்லியன்; மாட்டேன் என்கிறான். சல்லியன் கோபித்துக்கொண்டு இறங்கிப் போக, சக்கரம் மண்ணில் புதைய, கடைசியில் அந்தணன் வேஷத்தில் வந்து கண்ணன் கேட்கும்போது செய்த புண்ணியத்தையும் தாரை வார்க்கிறான். ஊர் அவனை எதற்காகக் கொண்டாடுகிறதோ அந்தக் கொடைக்குணமே அவனை ஒவ்வொன்றாக உரித்துப் போடுகிறது. ஈடிப்பஸுக்கு நேர்ந்தது போலவே.

தமிழ்க் கூத்துக்காரர் செய்த மிகப் பெரிய காரியம் இதற்கடுத்து வருகிறது. வடமொழி மகாபாரதத்தில் கர்ணன் தன் மூத்த மகன் என்ற உண்மையைக் குந்தி பாண்டவர்களிடம் சொல்வது போரெல்லாம் முடிந்து, இறந்தவர்களுக்கு நீர்க்கடன் கழிக்கும்போது. தருமன் அதைக் கேட்டுத் துடிக்கிறான், ஆனால் கர்ணன் எரிந்து சாம்பலான பிறகு. வில்லிபாரத வழியிலும் கூத்திலும் குந்தி களத்துக்கே ஓடி வருகிறாள். உயிர் ஊசலாடும் மகனை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, ஊரறிய மகனே என்று கதறுகிறாள். அத்தனை காலம் வாய்திறக்காத தாயின் மார்பில் பால் சுரக்கிறது. அம்பு விட்ட அர்ச்சுனன் எதிரே நின்று, தான் கொன்றது அண்ணனை என்று அறிகிறான். உண்மை தெரியவரும் நேரமும் விதி திரும்பும் நேரமும் ஒன்றாக விழுவதுதான் மிகச் சிறந்த அமைப்பு என்றும், உறவுக்குள் நடக்கும் கொலையே மிக வலுவான துயரம் என்றும் அரிஸ்டாட்டில் சொன்னார். அவரைக் கேள்விப்படாத நம் கலைஞர்கள் கதையின் ஒரு காட்சியை முன்னுக்கு நகர்த்தி அதையே செய்து காட்டினார்கள். இதை மூலத்திலிருந்து விலகல் என்று குறைவாகப் பேசும் படிப்பாளிகளோடு எனக்கு உடன்பாடு கிடையாது. நாடகம் தெரிந்தவர்கள் செய்த திருத்தம் இது.

கர்ணனுக்குக் குற்றமே இல்லையா? உண்டு. சூதாட்டச் சபையில் திரௌபதியை இழிவாகப் பேசியவர்களில் அவனும் ஒருவன். தப்பான பக்கம் என்று தெரிந்தும் செஞ்சோற்றுக் கடனுக்காக நின்றவன். கூத்து இதை மறப்பதில்லை. ‘பகடை துகில்’ கூத்தன்று துச்சாதனன் வேஷக்காரர், திரௌபதி வேஷத்தின் சேலையில் கை வைக்குமுன் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஆண் ஒருவர் கட்டிய வேஷம்தான். ஆனாலும் அந்தத் தப்பின் பாரம் அவ்வளவு நிஜம். பத்து நாள் கழித்து அதே ஊர் படுகளத்தில் துரியோதனனுக்கு அழும்போது, பகடை துகில் இரவை யாரும் மன்னித்துவிடவில்லை. கூந்தல் முடிந்த பிறகுதான் ஒப்பாரி. இந்த வரிசைதான் முக்கியம். முதலில் நியாயம், அடுத்துக் கண்ணீர்.

சோஃபக்கிளிஸின் ‘ஏஜாக்ஸ்’ நாடகத்தில் இதற்கு ஈடான ஒரு காட்சி உண்டு. புத்தி பேதலித்துப்போன ஏஜாக்ஸை அவன் எதிரி ஒடிசியஸுக்குக் காட்டி, எதிரியைப் பார்த்துச் சிரிப்பதைவிட இன்பம் உண்டா என்று கேட்கிறாள் தெய்வம் அதீனா. எதிரியே ஆனாலும் அவனுக்காக இரங்குகிறேன், அவன் நிலையில் என் நிலையைப் பார்க்கிறேன் என்கிறான் ஒடிசியஸ். அந்த இடத்தில் அவனை நல்லவன் என்று ஒடிசியஸ் சொல்லவில்லை. தீர்ப்பு ஒன்று, பரிவு ஒன்று. இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொள்ள முடியும் என்று ஏதென்ஸ்காரன் நாடகத்தில் கற்றான். படிப்பே இல்லாத நம் பாட்டிகள் படுகளத்து மண்ணில் உட்கார்ந்து அதைக் கற்றார்கள்.

இந்த மரபு பின்னாளில் பல உருவம் எடுத்தது. 1964 பொங்கலுக்கு வந்த பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ படத்தில் சிவாஜி கணேசன் அழ வைத்தது, கூத்து ஏற்கெனவே உழுது வைத்திருந்த நிலத்தில். இலங்கையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 1962-இல் ‘கர்ணன் போர்’, பிறகு ‘இராவணேசன்’ என்று கூத்துகளை மேடையேற்றினார். இரண்டிலும் தோற்றவனே தலைவன். 1977-இல் சென்னையில் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, புரிசைக் கண்ணப்பத் தம்பிரானிடம் பாடம் கேட்டது. காஞ்சிபுரத்தில் பெ. இராஜகோபால் போன்ற கலைஞர்கள் கூடி 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தார்கள். அவரோடு பணியாற்றிய ஹன்னே டி புருயின் ‘கர்ண மோட்ச’த்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1998-இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் வழியாக வெளியிட்டார்.

ஆனால் அந்த வேலைகளில் பெரும்பாலானவை தொண்டை மண்டலத்துக் கூத்தைப் பற்றியவை. தருமபுரி, சேலம் பக்கத்துக் கூத்துக்கு அதே அளவு பதிவு நடக்கவில்லை. இங்கே பாடல்கள் இன்னும் வாத்தியார்களின் நோட்டுகளிலும் நினைவிலும்தான் இருக்கின்றன. பெருந்திருவாள் ஒப்பாரியை ஒவ்வொரு கூத்து ஜமாவும் ஒவ்வொரு விதமாகப் பாடும். ஒரு வாத்தியார் போனால் ஒரு பாடம் போகிறது. ‘தகடூர் யாத்திரை’யை இழந்த ஊர்க்காரர்கள் நாம், இன்னொரு முறை இழக்கக் கூடாது. கடத்தூர் வட்டாரத்தில் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கூத்துப் பாட்டு எழுதிய பழைய நோட்டோ ஏடோ இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். பாடத் தெரிந்த பெரியவர் இருந்தால் இந்தக் கோடையிலேயே போய் உட்கார்ந்து, ஒப்பாரிப் பகுதியை முழுதாகப் பாடச் சொல்லி ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள்.